மின்னஞ்சலில் வந்த படிவத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வியாண்டு தொடங்கிவிட்டால் உதவித்தொகை, விடுதி இடம், போட்டி, பயிற்சி முகாம் என்று அறிவிப்புகள் உங்கள் நாளிதழில் வரிசையாக வருகின்றன. அவற்றில் பலவற்றின் கடைசி வரி ஒன்றுதான்: 'படிவத்தைப் பதிவிறக்கி, கணினியிலேயே நிரப்பி, இந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பவும்.' அனுப்பிய பிறகு அந்தப் படிவம் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பல அலுவலகங்களில் அதைத் திறந்து, அச்செடுத்து, கட்டாகக் கட்டி வைக்கிறார்கள். பிறகு ஓர் ஊழியர் அந்தக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எக்செல்லில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறார். மாணவி ஒருமுறை சரியாகத் தட்டிய வங்கிக் கணக்கு எண்ணை, முன்பின் தெரியாத ஒருவர் இரண்டாம் முறை தட்டும்போது ஓர் இலக்கம் இடம் மாறிவிடுகிறது. பணம் திரும்பிப் போகிறது. தொகை ஏன் வரவில்லை என்று கேட்டு அந்தப் பிள்ளைதான் அலைய வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டாம் தட்டச்சுக்குத் தேவையே இல்லை. நிரப்பும் வகை பிடிஎஃப் படிவத்தில் தட்டிய எழுத்துகள் தரவாகவே கோப்புக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உள்பெயர், அதற்கு நேராக ஒரு மதிப்பு. 1996 முதலே பிடிஎஃப்பில் இந்த வசதி உண்டு. அடோபி நிறுவனத்தின் அக்ரோபாட் புரோ என்ற கட்டண மென்பொருள் உள்ள அலுவலகமானால் 'பிரிப்பேர் ஃபார்ம்' பகுதிக்குப் போய், கூடுதல் பட்டியலில் 'மெர்ஜ் டேட்டா ஃபைல்ஸ் இன்டு ஸ்ப்ரெட்ஷீட்' என்பதைச் சொடுக்கி, வந்த கோப்புகள் அனைத்தையும் மொத்தமாகச் சேர்க்கலாம். உள்பெயர்கள் தலைப்பு வரியாக, ஒரு படிவத்துக்கு ஒரு வரியாக, எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாக அட்டவணை வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் அக்ரோபாட் ரீடரில் இது இல்லை. காசு கொடுத்து வாங்க இயலாத அறக்கட்டளைகளுக்கு பிடிஎஃப்டிகே என்ற இலவசக் கருவி போதும். அதில் கட்டங்களின் தரவைக் கொட்டும் கட்டளை இரண்டு வகையாக இருக்கிறது. பெயர் யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்க முறை) என்று முடியும் வகையைத்தான் எடுக்க வேண்டும், மற்றது தமிழ் எழுத்துகளையெல்லாம் எண்களாக மாற்றிக் கொடுக்கும். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதற்கான பைபிடிஎஃப் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு சில வரிகளில் கோப்புறை முழுவதையும் படித்துவிடலாம். படிவம் தயாரிக்கவும் பணம் தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் கட்டங்களை வரைந்து, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது 'கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம்' என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்தால் சரி.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் வேலை முடியாது. படிவத்தை அனுப்பும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், திரட்டும்போது அது பத்து மடங்காகத் திரும்பி வரும்.

முதலில் உள்பெயர். மென்பொருள் தானாக வைக்கும் 'டெக்ஸ்ட்1', 'டெக்ஸ்ட்2' என்ற பெயர்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடைசியில் நாற்பது தலைப்புகளில் எது தந்தை பெயர், எது காப்பாளர் பெயர் என்று யாருக்கும் தெரியாது. இதைவிட மோசமானது இரண்டு கட்டங்களுக்கு ஒரே உள்பெயர் வைப்பது. ஒரு கட்டத்தை நகலெடுத்து ஒட்டும்போது இது எளிதாக நடக்கும். அப்படியானால் ஒன்றில் தட்டுவது மற்றதிலும் தானாக ஏறும், நிரந்தர முகவரியைத் தட்டினால் தற்போதைய முகவரி அழிந்துபோகும். படிவத்தை வெளியிட்ட பிறகு உள்பெயரைத் திருத்தவே கூடாது. திருத்தினால் பழைய படிவங்கள் ஒரு நெடுவரிசையிலும் புதியவை இன்னொன்றிலும் போய் விழும். திருத்தம் தவிர்க்க முடியாதது என்றால், மாற்ற முடியாதபடி பூட்டிய ஒரு சிறு கட்டத்தில் படிவத்தின் பதிப்பு எண்ணை முதலிலேயே வைத்திருங்கள். எந்த வரி எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பது பிறகு தெரியும்.

அடுத்து, எதை எந்த வடிவில் கேட்பது. மாவட்டத்தைத் தட்டச் சொன்னால் திருநெல்வேலி, நெல்லை, திருநெல்வேலி மா., என்று ஆளுக்கொன்றாக வரும். 38 மாவட்டங்களையும் கீழிறங்கு பட்டியலாகக் கொடுங்கள். பெயரிலும் இதே பாடுதான்: மு. கார்த்திகா, கார்த்திகா மு, கார்த்திகா.மு என்று ஒரே பெண் மூன்று பேராகிவிடுவார். முன்னெழுத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். அஞ்சல் குறியீட்டைத் தனியாகப் பிரித்து 6 இலக்கத்துக்கு மேல் ஏறாதபடி வரம்பு வையுங்கள். ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை ஆங்கில 'ஓ' என்று தட்டுவது அன்றாடம் நடக்கிற தவறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், அச்செடுத்துச் சரிபார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. அட்டவணையில் ஐந்தாம் எழுத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் ஒரு சூத்திரம் போட்டால் நொடியில் அகப்படும். 2020-இல் வேறு வங்கியோடு இணைக்கப்பட்ட வங்கிகளின் பழைய குறியீட்டை இன்னும் பாஸ்புக்கைப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகளின் குறியீடுகளில் தொடங்குபவற்றைத் தனியே வடிகட்டி, அவர்களிடம் புதிய குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி, திரும்பி வரும் கோப்புகள். இதில்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் ஊரில் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் மாணவர் இல்லை. பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ உட்கார்ந்திருப்பவர்தான் நிரப்பித் தருகிறார்.

வெற்றாக வரும் படிவங்களை எடுத்துக்கொள்வோம். குரோம் உலாவியில் படிவத்தைத் திறந்து நிரப்பிவிட்டுப் பதிவிறக்கக் குறியை அழுத்தினால், மாற்றங்களோடு வேண்டுமா, மாற்றங்கள் இல்லாமல் வேண்டுமா என்று அது கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டவர் அனுப்புவது, நீங்கள் வெளியிட்ட அதே வெற்றுப் படிவம். அவருக்கு நிரப்பி அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதி, உங்களுக்கு 'விவரம் இல்லை, நிராகரிக்கப்பட்டது' என்ற பதிவு. அப்படி நிராகரித்துவிடாமல், அதே நாளில் பதில் போட்டு மறுபடி கேளுங்கள்.

வெற்றாகத் தெரிவது எல்லாமே வெற்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில கைபேசிச் செயலிகள் மதிப்பைக் கோப்பில் எழுதிவிடும், அதைத் திரையில் காட்டுவதற்கான தோற்றப் பகுதியை எழுதாது. அக்ரோபாட்டில் திறந்தால் கட்டம் காலியாக இருக்கும், கட்டத்துக்குள் சொடுக்கியதும் எழுத்து வெளியே வரும். எனவே கண்ணால் பார்த்து 'காலி' என்று ஒதுக்கும் முன் கருவியால் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கட்டத்தில் தட்டாமல், செயலியின் குறிப்பெழுதும் வசதியைக் கொண்டு கட்டத்தின் மேல் எழுத்தை மிதக்க விட்டிருப்பார்கள். பார்க்க நன்றாக நிரம்பியிருக்கும். அட்டவணையில் அந்த வரி முழுவதும் காலியாக வரும்.

'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து அனுப்பும் படிவங்கள் இன்னொரு தொல்லை. கடைக்காரர்கள் சேவ் செய்வதைவிட இதையே பழகியிருக்கிறார்கள். அப்படிச் செய்த நொடியில் கட்டங்கள் எல்லாம் மறைந்து, தாள் போலத் தட்டையாகிவிடும். எழுத்து இருக்கும், ஆனால் எது எந்தக் கட்டத்தின் மதிப்பு என்ற தொடர்பு போய்விடும். அச்செடுத்து, கையொப்பமிட்டு, கைபேசியில் ஸ்கேன் செய்து அனுப்பினாலும் இதே கதிதான். இதில் அனுப்புபவர் மேல் குற்றமில்லை. 'தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் பெற்று மின்னஞ்சலில் அனுப்பவும்' என்று நாமே கேட்டால் அவர் வேறு என்ன செய்வார்? கையொப்பம் தேவையென்றால் இரண்டு இணைப்புகள் கேளுங்கள்: நிரப்பிய மூலக் கோப்பு ஒன்று, கையொப்பமிட்ட ஸ்கேன் ஒன்று. தரவை முதலாவதிலிருந்து எடுங்கள், இரண்டாவது சான்றுக்கு மட்டும்.

மிக ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. கடைக்காரர் முதல் மாணவனுக்கு நிரப்பிய கோப்பையே திறந்து வைத்துக்கொண்டு, பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றி இரண்டாம் மாணவனுக்கு அனுப்புவார். ஒரே தெரு, ஒரே பள்ளி என்றால் பாதிக் கட்டங்கள் எப்படியும் ஒன்றுதானே. ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கும் கணக்கு எண்ணை மாற்ற மறந்திருப்பார். இப்படிப்பட்ட படிவத்தைத் தனியாக எத்தனை முறை பார்த்தாலும் பிழை தெரியாது, எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும். அட்டவணையாக்கி, கணக்கு எண், கைபேசி எண், ஆதார் எண் ஆகிய நெடுவரிசைகளில் இரட்டிப்பு இருக்கிறதா என்று தேடினால்தான் வெளியே வரும். உடன்பிறந்தவர்கள் பெற்றோரின் ஒரே கணக்கைக் கொடுத்திருக்கலாம். ஆகவே இரட்டிப்பு என்றதும் நீக்கிவிடாமல் தொலைபேசியில் கேட்டுத் தெளிவது அவசியம். படிவத்தின் மேற்பகுதியில் 'அழித்துப் புதிதாகத் தொடங்கு' என்ற பொத்தான் ஒன்றை வைத்தால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும்.

'அனுப்பு' பொத்தான் பற்றியும் ஒரு சொல். படிவத்தின் அடியில் அதை வைப்பது அழகாக இருக்கிறது. ஆனால் அது கணினியில் நிறுவிய அஞ்சல் மென்பொருளை நம்பி வேலை செய்கிறது. கடைகளில் எல்லோரும் உலாவியில்தான் அஞ்சல் பார்க்கிறார்கள், பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அழுத்தியதோடு அனுப்பியாயிற்று என்று எழுந்து போய்விடுவார்கள். பொத்தானை எடுத்துவிட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். படிவத்தை லைவ்சைக்கிள் டிசைனர் என்ற அடோபியின் பழைய மென்பொருளில் செய்திருந்தால், சில உலாவிகளிலும் கைபேசிகளிலும் 'காத்திருக்கவும்' என்று சொல்லும் ஒரே ஒரு பக்கம்தான் தெரியும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது. எக்ஸ்எஃப்ஏ எனப்படும் அந்த வகையை 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம் கைவிட்டுவிட்டது. இன்னும் அதில் படிவம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாற்றுங்கள்.

அஞ்சல் பெட்டியைப் பொறுத்தவரை, இதற்கென்று தனி முகவரி வேண்டும். ஜிமெயிலில் உள்ள முகவரியின் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலே போதும். அஞ்சல் அதே பெட்டிக்கு வரும், அந்தச் சொல்லை வைத்து வடிகட்டித் தனிச் சிட்டையின் (லேபிள்) கீழ் சேர்த்துவிடலாம். யார் விண்ணப்பதாரர் என்பதை அனுப்பியவர் முகவரியை வைத்து ஒருபோதும் முடிவு செய்யக் கூடாது, ஒரு கடையின் முகவரியிலிருந்து முப்பது பேருடைய படிவம் வரும். இதே காரணத்தால் ஜிமெயிலின் விடுப்புத் தானியங்கிப் பதிலை ஒப்புகைச் சீட்டாகப் பயன்படுத்துவதும் தவறு. அது ஒரே முகவரிக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் பதில் அனுப்பும். கடையிலிருந்து அன்று முதலில் அனுப்பியவருக்கு ஒப்புகை கிடைக்கும், மற்ற 29 பேருக்குக் கிடைக்காது. அட்டவணையாக்கிய பிறகு, படிவத்துக்குள் விண்ணப்பதாரர் கொடுத்த முகவரிக்கோ கைபேசிக்கோ வரிசை எண்ணோடு ஒப்புகை அனுப்புவதே நேர்மையான வழி. ஸ்பேம் கோப்புறையைத் தினமும் பாருங்கள். 30 நாளில் அது தானாக அழிந்துவிடும்.

வந்த இணைப்புகளில் பாதி ஒரே பெயரில் இருக்கும், இன்னும் சில அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண்ணோடு இருக்கும். ஒரே கோப்புறையில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு இரண்டில் ஒன்று காணாமல் போகும். இறக்கும்போதே 0001, 0002 என்று வரிசை எண்ணிட்டு, அந்த எண்ணை அட்டவணையின் முதல் நெடுவரிசையிலும் வையுங்கள். வந்த கோப்புகளின் மூலக் கோப்புறையை யாரும் திருத்தக் கூடாது, வேலை எல்லாம் நகலில்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்து, கடைசியில் எக்செல்லில் கோட்டை விடுபவர்கள் நிறைய. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் ஒவ்வொரு மதிப்பையும் தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியங்கள் போய்விடும். 12 இலக்க ஆதார் எண் 1.23457E+11 என்பது போலச் சுருங்கித் தெரியும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் நிரந்தரமாக அழியும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் காக்கும், 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகளின் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். தேதியில் நடப்பது இன்னும் நுட்பமானது. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 3 என்று பொருள்பட எழுதிய 03/04/2008 மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2008 மட்டும் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் எழுத்தாகவே நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கத்தில் நிற்பவை நாளும் மாதமும் மாறிப்போனவை என்று புரிந்துகொள்ளலாம். பிறந்த தேதிக்கு நாள், மாதப் பெயர், ஆண்டு என மூன்று பட்டியல்கள் வைத்தால் இந்தச் சிக்கலே வராது. மற்றவற்றுக்கு, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, குறியாக்கம் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்து, எண் உள்ள நெடுவரிசைகள் எல்லாவற்றையும் 'டெக்ஸ்ட்' வகையாக அறிவியுங்கள். அந்த 65001-ஐத் தேராமல் விட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தலைக்குறி போட்ட லத்தீன் எழுத்துக் குவியலாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி தட்டச்சுக்கு உட்காருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கோப்பு கெடவில்லை, திறந்த விதம் தவறு.

தமிழில் நிரப்பும் படிவத்துக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. கட்டத்துக்கு ஹெல்வெட்டிகா எழுத்துருவே இயல்பாக அமையும், அதில் தமிழ் இல்லை. நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவைத் தேர்ந்து, வெளியிடும் முன் 'ஸ்ரீரங்கம்', 'கொடைக்கானல்', 'பெரியகுளம்' என்று தட்டிப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கண்ணுக்குப் பிசகாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் தரவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் பாமினி, வானவில் என்ற ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்கள் வாழ்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற விசைகளைத் தட்டுகிறார்கள். அதை வெட்டி நம் கட்டத்தில் ஒட்டினால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே வந்து சேரும். இவற்றை மறுபடி தட்ட வேண்டாம், எழுத்துரு மாற்றியில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

ஒரே ஊர்ப்பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது, எக்செல் தேடலில் ஒன்று மற்றதோடு பொருந்தாது. பைத்தானில் என்எஃப்சி என்ற சீராக்கத்தை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் காலுக்குப் பதில் 'ர' போட்டுத் தட்டியதையும், 'ஔ'வுக்கு 'ஒ'வும் 'ள'வும் போட்டதையும் அது சரி செய்யாது. அவற்றைத் தேடித்தான் திருத்த வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு இணையப் படிவம் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். எல்லோருக்கும் தடையற்ற இணையமும், ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய கேள்விகளும் இருந்தால் அதுவே மேல். மாணவர் பாதி, பள்ளி பாதி என்று கைமாறி நிரம்ப வேண்டிய படிவத்துக்கும், இணைப்பு விட்டு விட்டு வரும் ஊர்களுக்கும் கோப்பாகப் போய் வரும் படிவமே தோதானது.

கடைசியாக, எதைக் கேட்கக் கூடாது என்பது. 600 பேர் விண்ணப்பித்து 40 பேருக்கு உதவித்தொகை தருவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சிய 560 பேருடைய ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் நமக்கு எதற்கு? அவை நம் அஞ்சல் பெட்டியில் மட்டும் இல்லை, ஏதோ ஒரு கடைக் கணினியின் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலும், அந்தக் கடையின் 'சென்ட்' பெட்டியிலும் கிடக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே பெறச் சொல்கிறது. முதல் படிவத்தில் பெயர், படிப்பு, வருமானம், தொடர்பு எண் போதும். தேர்வான 40 பேருக்கு மட்டும் கணக்கு விவரம் கேட்கும் இரண்டாவது படிவத்தை அனுப்புங்கள். ஆதார் நகல் வேண்டியே தீருமானால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேளுங்கள். பணம் போய்ச் சேர்ந்தது உறுதியானதும் இந்தக் கோப்புகளை எந்தத் தேதிக்குள் அழிப்பீர்கள் என்பதையும் அந்தப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
படிவத் தரவு திரட்டும் பணியில் உள்ளோர்,
மதுரை.